வாசா: கவிழ்ந்தது ஏன், மட்காதது ஏன், இன்னும் முட்டுக்கொடுப்பது ஏன்?

ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமில் உள்ள வாசா அருங்காட்சியகத்தில் 1628-இல் மூழ்கிய 'வாசா' என்ற போர்க்கப்பல் முழு உருவத்தோடு நிற்கிறது. அதைத் தாங்குவதற்குப் புதிய எஃகுச் சட்டகம் அமைக்கும் பணி 2024-இல் தொடங்கியது. நான்கு ஆண்டுகளில் முடிப்பது திட்டம். இந்தச் செய்தியைப் படித்தவர்கள் பலருக்கும் ஒரே சந்தேகம். 1961-இலேயே கப்பலைக் கடலிலிருந்து எடுத்தாகிவிட்டது. 17 ஆண்டுகள் மருந்துக் கரைசல் தெளித்து மரத்தைப் பதப்படுத்தினார்கள். 1990-இல் அதற்கென்றே ஒரு கட்டடத்தையும் எழுப்பினார்கள். இத்தனைக்கும் பிறகு இன்னும் என்ன பழுது?

இந்தக் கேள்விக்குள் மூன்று கேள்விகள் கலந்து கிடக்கின்றன. புத்தம் புதிய கப்பல் முதல் பயணத்திலேயே கவிழ்ந்தது ஏன்? 333 ஆண்டுகள் நீருக்கடியில் கிடந்த மரம் மட்காமல் இருந்தது எப்படி? அத்தனை காலம் தாங்கிய மரம் கரைக்கு வந்த அறுபது ஆண்டுகளில் தளர்வது ஏன்? முதல் கேள்விக்கு விடை அந்தக் கப்பலின் கட்டுமானத்திலேயே இருக்கிறது. ஆகவே அங்கிருந்து தொடங்குவோம்.

யார் கட்டியது, எதற்காக

1620-களில் ஸ்வீடன் மன்னர் இரண்டாம் குஸ்தாவ் அடால்ஃப், போலந்து–லிதுவேனியாவுடன் போர் நடத்திக்கொண்டிருந்தார். பால்டிக் கடலைக் கையில் வைத்திருப்பவருக்கே படைகளை ஏற்றி இறக்கும் வசதி என்பதால் பெரிய போர்க்கப்பல்கள் அவசரமாகத் தேவைப்பட்டன. நான்கு கப்பல்கள் கட்டித்தர ஹென்ரிக் ஹைபர்ட்சன் என்ற டச்சு ஓடாவியோடும் (கப்பல் கட்டும் தச்சர்) அவருடைய தொழில் கூட்டாளி ஆரென்ட் டி குரூட்டோடும் 1625 ஜனவரியில் ஒப்பந்தம் கையெழுத்தானது. அவற்றுள் ஒன்றுதான் வாசா.

அதே ஆண்டின் இறுதியில் ஹைபர்ட்சன் நோயில் விழுந்தார், 1627-இல் இறந்துபோனார். வேலையை முடிக்கும் பொறுப்பு ஹெய்ன் யாகோப்சன் என்ற இன்னொரு டச்சு ஓடாவியிடம் வந்தது. கப்பல் கட்டும் தளத்தின் நிர்வாகத்தை ஹைபர்ட்சனின் மனைவி மார்கரேட்டா நில்ஸ்டாட்டர் ஏற்றார். நூற்றுக்கணக்கானோர் கூலிக்கு உழைத்த ஒரு தொழிற்கூடத்தை 17-ஆம் நூற்றாண்டில் ஒரு பெண் நடத்தினார் என்பது இந்த வரலாற்றில் உரிய கவனம் பெறாத செய்தி.

கப்பலின் அளவுகளைப் பார்த்துவிட்டால் மற்றவை விளங்கும். முன்னால் நீண்டிருக்கும் மரத்தையும் சேர்த்து நீளம் 69 மீட்டர். அகலம் 11.7 மீட்டர். நீருக்குள் அமிழும் ஆழம் 4.8 மீட்டர். அடியிலிருந்து பாய்மர உச்சி வரை 52.5 மீட்டர். மொத்த எடை ஏறக்குறைய 1,210 டன். இரண்டு தளங்களில் அடுக்கிய பீரங்கிகளையும் சேர்த்து 64 பீரங்கிகள். அவற்றுள் 48, இருபத்துநான்கு பவுண்டு குண்டு எறியும் பெரிய வகை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓக் மரங்கள் இதற்காக வெட்டப்பட்டன.

வரைபடம் இல்லாத கட்டுமானம்

இன்று ஒரு கப்பலுக்கு முதலில் வரைபடம், பிறகு கணக்கு, பிறகுதான் கட்டுமானம். 1620-களின் டச்சு ஓடாவிகளிடம் வரைபடம் கிடையாது. நீளம், அகலம், ஆழம் ஆகியவற்றுக்குள் இருக்க வேண்டிய விகிதங்களை அவர்கள் மனப்பாடமாக வைத்திருந்தார்கள். மீதியைக் கண்ணும் கையும் தீர்மானித்தன.

அவர்கள் கட்டிய விதமும் நாம் நினைப்பதற்குத் தலைகீழானது. கப்பலின் அடியில் முதுகெலும்பாக ஓடும் நீண்ட மரத்தை நம் கடற்கரைகளில் ஏரா என்பார்கள். அதிலிருந்து இரு பக்கமும் வளைந்து எழும் விலா மரங்கள் வங்குகள். எலும்புக்கூட்டை முதலில் நிறுத்திவிட்டுப் பிறகு பலகை அடிப்பது பிற்காலத்தில் பரவிய வழக்கம். டச்சுக்காரர்கள் ஏராவை வைத்ததும் அடிப்பலகைகளை விளிம்போடு விளிம்பு சேர்த்து, சிறு கட்டைகளை ஆணியடித்து அவற்றைத் தற்காலிகமாகப் பிணைத்தார்கள். பலகைகளின் வளைவு கண்ணுக்குத் திருப்தியாக அமைந்த பிறகே அந்த வளைவுக்கேற்ப வங்குகளைச் செதுக்கி உள்ளே பொருத்தினார்கள். கடைசியில் தற்காலிகக் கட்டைகளைக் கழற்றி, ஆணித் துளைகளைச் சிறு மர முளைகளால் அடைத்தார்கள். டச்சு முறையில் கட்டிய கப்பல்களை இன்றைய ஆய்வாளர்கள் அடையாளம் காண உதவும் தடயங்களில் இந்த முளைகளும் ஒன்று.

ஆக, கப்பலின் வடிவம் கட்டக் கட்டத்தான் உருவானது. கடலில் இறக்கினால் எவ்வளவு அமிழும், எவ்வளவு சாயும் என்பதை முன்கூட்டிச் சொல்ல அன்று யாராலும் முடியாது. பழகிய அளவில் கப்பல் கட்டும்வரை இந்த முறை அருமையாக உழைத்தது. டச்சு வணிகக் கப்பல்கள் உலகைச் சுற்றியதே இதற்குச் சான்று. ஆனால் இரண்டு முழுப் பீரங்கித் தளங்கள் கொண்ட போர்க்கப்பல் அன்றைக்குப் புதிது. ஹைபர்ட்சன் அதற்கு முன் அப்படியொன்றைக் கட்டியதற்குச் சான்று இல்லை. மனப்பாட விகிதங்கள் செல்லுபடியாகும் எல்லையை அந்தக் கப்பல் தாண்டியிருந்தது.

இதோடு ஒரு சிறு பொருளையும் பார்க்க வேண்டும். கப்பலுக்குள்ளிருந்து தச்சர்களின் அளவுகோல்கள் நான்கு கிடைத்தன. இரண்டு, ஸ்வீடன் அடியில் குறிக்கப்பட்டவை. ஓர் அடிக்கு 12 அங்குலம். மற்ற இரண்டு, ஆம்ஸ்டர்டாம் அடியில் குறிக்கப்பட்டவை. ஓர் அடிக்கு 11 அங்குலம். ஆம்ஸ்டர்டாம் அடி சற்றுக் குட்டையும்கூட. ஸ்வீடன்காரர்களும் டச்சுக்காரர்களும் ஒரே கப்பலில் ஆளுக்கொரு கோலோடு வேலை செய்திருக்கிறார்கள். கப்பலை நுணுக்கமாக அளந்தபோது இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒத்துப்போகாமல் இருப்பது தெரிந்தது. கவிழ்ந்ததற்கு இது முதன்மைக் காரணம் இல்லை. ஆனால் ஒருவர் "மூன்றடி" என்றால் அடுத்தவர் வேறொரு மூன்றடியை வெட்டும் தளத்தில் வேலை எப்படி நடந்திருக்கும் என்பதை இதைவிடத் தெளிவாக எதுவும் காட்டாது.

கவிழ்ந்தது ஏன்

1628 ஆகஸ்ட் 10. அரண்மனைக்கு அருகிலிருந்து கப்பல் புறப்பட்டது. காற்று மெல்லியது. பத்துப் பாய்களில் நான்கை மட்டுமே விரித்திருந்தார்கள். மரியாதை வெடி முழங்கியிருந்ததால் பீரங்கிகளின் கதவுகள் திறந்தே இருந்தன. முதலில் அடித்த காற்றில் கப்பல் சாய்ந்து நிமிர்ந்தது. அடுத்த வீச்சில் சாய்ந்தது நிமிரவில்லை. கீழ்த்தளக் கதவுகள் வழியே நீர் புகுந்தது. புறப்பட்ட இடத்திலிருந்து 1,300 மீட்டர்தான் போயிருக்கும். 32 மீட்டர் ஆழத்தில் போய் அமர்ந்தது. ஏறத்தாழ 30 பேர் இறந்தார்கள்.

ஏன் நிமிரவில்லை என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

1. மிதக்கும் கப்பலில் இரண்டு விசைகள் எதிரெதிராக வேலை செய்கின்றன. கப்பலின் எடை முழுவதும் ஒரு புள்ளி வழியே கீழே இழுக்கிறது. அது எடை மையம். நீர் ஒரு புள்ளி வழியே மேலே தள்ளுகிறது. அது மிதப்பு மையம்.

2. கப்பல் ஒரு பக்கம் சாயும்போது அந்தப் பக்கத்தில் கூடுதல் உடல் நீருக்குள் போகிறது. மிதப்பு மையம் அந்தப் பக்கம் நகர்ந்து, சாய்ந்த பக்கத்தை மேலே தள்ளி நிமிர்த்தப் பார்க்கிறது.

3. எடை மையம் தாழ்வாக இருந்தால் இந்த நிமிர்த்தல் எளிதில் வெல்லும். எடை மையம் உயர உயர அதன் வலு குறையும். ஓர் அளவைத் தாண்டினால், நிமிர்த்த வேண்டிய விசைகளே கப்பலை மேலும் கவிழ்க்கும்.

4. வாசாவில் எடை மையம் மிக உயரத்தில் இருந்தது. நீருக்குள் இருந்த உடல் சிறியது. நீருக்கு மேல் இருந்த உடல் உயரமானது, கனமானது.

அந்த உயரமும் கனமும் எங்கிருந்து வந்தன? "மன்னர் நடுவில் இன்னொரு பீரங்கித் தளத்தை ஏற்றச் சொன்னார், அந்தப் பாரம் தாங்காமல் கவிழ்ந்தது" என்று ஒரு கதை உலவுகிறது. ஆணவம் பிடித்த அரசன், அடங்கிப்போன தொழிலாளி என்று சொல்வதற்கு வசதியான கதை. மன்னர் ஆயுதத் திட்டத்தை மாற்றிக்கொண்டே இருந்தது உண்மைதான். ஆனால் பீரங்கிகளின் மொத்த எடை கப்பலின் எடையில் ஏறக்குறைய 5 விழுக்காடே. அந்த அளவுள்ள கப்பல் அதைச் சுமக்க வேண்டியதுதான்.

கோளாறு மரத்தில் இருந்தது. பீரங்கித் தளங்களைத் தாங்கும் உத்தரங்கள் தேவைக்கு மேல் தடிமன். தேவைக்கு மேல் நெருக்கம். அன்றைய மாலுமியின் சராசரி உயரம் 1.67 மீட்டர். அந்த உயரத்துக்குத் தேவைப்பட்டதைவிடத் தளங்களின் கூரை உயர்ந்திருந்தது. தளம் உயர்ந்தால் அதன் மேல் நிற்கும் ஒவ்வொரு பீரங்கியும் ஒவ்வொரு பலகையும் நீரிலிருந்து இன்னும் விலகி நிற்கும். பெரிய பீரங்கிகள் வருகின்றன, வலுவாகக் கட்டுவோம் என்று நினைத்த ஓடாவிகளின் நல்லெண்ணமே எடையை மேலே ஏற்றியது. மன்னரின் பேராசைக் கதையை விட்டுவிட்டு இந்த உண்மையைப் பிடித்துக்கொண்டால் கப்பலைப் பார்க்கும் கண்ணே மாறும்.

அடிப்பாரம் கூட்டியிருக்கலாமே என்று தோன்றும். எடை மையத்தைத் தாழ்த்தக் கப்பலின் வயிற்றில் போடும் கற்களுக்கு அடிப்பாரம் என்று பெயர். வாசாவில் ஏறக்குறைய 120 டன் கல் இருந்தது. இன்னும் போட்டால் கப்பல் மேலும் அமிழும். ஏற்கெனவே நீர்மட்டத்துக்கு நெருக்கமாக இருந்த கீழ்த்தளக் கதவுகள் இன்னும் தாழும். அதாவது, இறக்கிய பிறகு திருத்த முடியாத பிழை அது. அகலப்படுத்தியோ மேல் கட்டுமானத்தைக் குறைத்தோ மட்டுமே சரிசெய்ய முடியும்.

தெரிந்தவர்கள் இருந்தார்கள்

இந்த வரலாற்றில் மனத்தை உறுத்தும் பகுதி இதுதான். கப்பல் ஆட்டம் காண்கிறது என்பது புறப்படுமுன்பே தெரியும். துணைக் கடற்படைத் தளபதி கிளாஸ் ஃபிளெமிங் முன்னிலையில் ஒரு சோதனை நடந்தது. மேல்தளத்தில் 30 பேர் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஓட வேண்டும். கப்பல் எவ்வளவு ஆடுகிறது என்று பார்க்க வேண்டும். மூன்று முறை ஓடியதுமே, இனி ஓடினால் கட்டிய இடத்திலேயே கவிழ்ந்துவிடும் என்று பயந்து நிறுத்திவிட்டார்கள். மன்னர் அப்போது போர்முனையில் இருந்தார். கப்பலை விரைந்து அனுப்பும்படி அவருடைய நெருக்கடி தொடர்ந்தது. சோதனையின் முடிவு கப்பலை நிறுத்தவில்லை.

கவிழ்ந்தபின் விசாரணை நடந்தது. கப்பல் தலைவர் சோஃப்ரிங் ஹான்சன் கைதுசெய்யப்பட்டார். பீரங்கிகள் சரியாகக் கட்டப்பட்டிருந்தனவா, மாலுமிகள் குடித்திருந்தார்களா என்றெல்லாம் கேட்டார்கள். ஓடாவிகளைக் கேட்டபோது, மன்னர் ஒப்புதல் தந்த அளவுகளின்படியே கட்டினோம் என்றார்கள். அப்படியானால் தவறு எங்கே என்ற கேள்விக்கு டி குரூட் தந்த விடை: கடவுளுக்குத்தான் தெரியும். கடைசியில் யாருக்கும் தண்டனை இல்லை.

தப்பித்துக்கொள்ளச் சொன்ன விடையாக அதை எளிதில் ஒதுக்கலாம். அது அநியாயம். சாய்ந்த கப்பல் நிமிருமா என்பதைக் கணக்கிடும் வழியைப் பிரெஞ்சு அறிஞர் பியேர் பூகே வகுத்து வெளியிட்டது 1746-இல். வாசா மூழ்கி 118 ஆண்டுகள் கழித்து. கணக்கு என்ற கருவி இல்லாத காலத்தில் அந்த 30 பேரின் ஓட்டம் மட்டுமே கிடைத்திருந்த அறிவு. அந்த அறிவைக் கையில் வைத்துக்கொண்டு கப்பலை அனுப்பியதுதான் குற்றம். கணக்குத் தெரியாதது குற்றமில்லை.

இதை உறுதிசெய்யும் சான்று அண்மையில் கிடைத்தது. வாசாவின் உடன்பிறப்பாக அதே கப்பல் கட்டும் தளத்தில் அடுத்துக் கட்டப்பட்ட கப்பல் 'எப்லெட்'. யாகோப்சன் அதைச் சற்று அகலமாகக் கட்டினார். அது கவிழவில்லை, 30 ஆண்டுகள் கடற்படையில் இருந்து, 1659-இல் எதிரிக் கப்பல்களை மறிக்கும் தடையாக வாக்ஸ்ஹோம் அருகே வேண்டுமென்றே மூழ்கடிக்கப்பட்டது. 2021-இல் அதன் உடலைக் கண்டெடுத்து, அடுத்த ஆண்டு அடையாளத்தை உறுதிப்படுத்தினார்கள். ஓடாவிகள் பாடம் கற்றுக்கொண்டார்கள் என்பதற்கு மரத்திலேயே எழுதிய ஆதாரம் அது.

மட்காதது ஏன்

கடலில் மரத்தின் முதல் எதிரி கப்பல்புழு. பெயர்தான் புழு, உண்மையில் அது சிப்பி இனம். மரத்துக்குள் துளைத்துக்கொண்டு போய் அதையே தின்று வாழும். வெதுவெதுப்பான உப்பு நீரில் அடைக்கலமில்லாத மரத்தைச் சில ஆண்டுகளில் சல்லடையாக்கிவிடும். பால்டிக் கடலில் ஆறுகளின் நன்னீர் கலப்பதால் உப்பு மிகக் குறைவு. ஸ்டாக்ஹோம் துறைமுகப் பகுதியில் கப்பல்புழுவால் வாழ முடியாது. குளிரும் சேறும் ஆக்சிஜன் குறைந்த அடிநீரும் மீதி வேலையைச் செய்தன.

நம் கடல்களோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். இலங்கையின் காலித் துறைமுகத்தில் 1659-இல் மூழ்கிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல் 'ஆவொன்ட்ஸ்டர்'. சில மீட்டர் ஆழத்தில்தான் கிடந்தது. சேற்றுக்குள் புதைந்த பகுதி மட்டுமே ஆய்வாளர்களுக்குக் கிடைத்தது. அங்கிருந்து எடுத்த பொருள்களில் பலவற்றை 2004 சுனாமி கொண்டுபோயிற்று. இந்துமாக்கடலில் மூழ்கிய எந்த மரக்கலமும் வாசாவைப் போல் முழு உருவத்தோடு எழுந்துவராது. நம் ஓடாவிகளின் பழைய வேலைக்குக் கல்வெட்டும் ஓவியமும் நாணயமுமே பெரும்பாலும் சாட்சி சொல்ல வேண்டியிருப்பதற்கு ஒரு முக்கியக் காரணம், அந்தச் சிறு சிப்பியினம்.

ஸ்டாக்ஹோம் நீருக்கு இன்னொரு குணமும் இருந்தது. நகரத்தின் கழிவுகள் நூற்றாண்டுகளாக அதில் கலந்தன. ஆக்சிஜன் தீர்ந்த அடிநீரில் பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்ஃபைடை உண்டாக்கின. மரத்தை மட்கவைக்கும் உயிர்கள் அங்கே பெருக முடியவில்லை. ஆனால் அந்தக் கந்தகம் மரத்துக்குள் ஊறிக்கொண்டே இருந்தது. இன்றைய தலைவலியின் விதை அப்போது விழுந்தது.

தூக்கியதும் பதப்படுத்தியதும்

1660-களில் ஆல்பிரெக்ட் ஃபான் டிரைலேபன் குழுவினர் மூழ்குமணி என்ற கருவியில் இறங்கிப் பீரங்கிகளில் பெரும்பாலானவற்றை எடுத்துவிட்டார்கள். ஈயத்தாலான மணிக்குள் தங்கியிருக்கும் காற்றைச் சுவாசித்துக்கொண்டு, இருட்டில், 32 மீட்டர் ஆழத்தில், ஒவ்வொன்றும் ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள பீரங்கிகளைக் கதவு வழியே இழுத்திருக்கிறார்கள். அதன் பிறகு கப்பல் மறக்கப்பட்டது.

1956-இல் ஆண்டர்ஸ் ஃபிரான்சென் என்ற பொறியாளர், அடியிலிருந்து மாதிரி வெட்டியெடுக்கும் கருவியைப் படகிலிருந்து இறக்கித் தேடினார். கருவி கறுத்த ஓக் துண்டோடு மேலே வந்தது. பிறகு கடற்படை முக்குளிப்பவர்கள் கப்பலின் அடியில் ஆறு சுரங்கங்களைத் தோண்டி எஃகுக் கம்பிகளைச் செலுத்தினார்கள். தலைக்கு மேல் கல் நிரம்பிய பழைய கப்பல் நிற்க, அதன் அடியில் சேற்றைப் பீய்ச்சிக்கொண்டு ஊர்ந்த வேலை அது. அதில் யாரும் உயிரிழக்கவில்லை. 1961 ஏப்ரல் 24 அன்று வாசா நீர்மட்டத்துக்கு மேல் எழுந்தது; சில நாள்களில் தானாகவே மிதந்து உலர்துறைக்குப் போனது.

நீரில் ஊறிய மரத்தை அப்படியே உலரவிட்டால் அது சுருங்கி வெடிக்கும். அதன் செல்களின் சுவர்கள் அரித்துப்போய், உள்ளே இருக்கும் நீர்தான் அவற்றின் வடிவத்தைத் தாங்கி நிற்கிறது. எனவே நீரை வெளியேற்றும்போதே அதன் இடத்தில் வேறொன்றை நிரப்ப வேண்டும். பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற மெழுகுத்தன்மையுள்ள பொருளை நீரில் கரைத்து, 1962 முதல் 1979 வரை கப்பல் மீது தெளித்தார்கள். அடுத்துப் பல ஆண்டுகள் மெல்ல மெல்ல உலரவிட்டார்கள். இத்தனை பெரிய மரப்பொருளுக்கு அதற்கு முன் யாரும் இதைச் செய்ததில்லை. 1982-இல் எடுத்த ஆங்கிலேயக் கப்பல் 'மேரி ரோஸ்' உள்பட, பின்னால் வந்தவை வாசாவில் கற்ற பாடங்களின் மேல் நின்றன.

இன்னும் தளர்வது ஏன்

இப்போது தொடக்கத்தில் எழுந்த சந்தேகத்துக்கு வரலாம். கரைக்கு வந்த கப்பலுக்கு மூன்று நோய்கள்.

1. கந்தக அமிலம். நீருக்கடியில் ஊறிய கந்தகம் ஆக்சிஜன் இல்லாதவரை சும்மா கிடந்தது. காற்றுப் பட்டதும் அது அமிலமாக மாறத் தொடங்கியது. 2000-இல் ஈரமான கோடையில் பார்வையாளர் கூட்டத்தோடு கட்டடத்துக்குள் ஈரப்பதமும் ஏற, மரத்தின் மேல் வெள்ளையும் மஞ்சளுமாக உப்புப் படிவங்கள் வெளிப்பட்டன. மரத்துக்குள் ஏறக்குறைய 2 டன் கந்தகம் இருக்கலாம், முழுவதும் மாறினால் 5 டன் அளவுக்குக் கந்தக அமிலம் உண்டாகலாம் என்று 2002-இல் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது.

2. இரும்பு. கப்பலைப் பிணைத்திருந்த ஆயிரக்கணக்கான இரும்பு ஆணிகள் கடலில் துருவாகிக் கரைந்து மரத்துக்குள் ஊறின. இந்த இரும்பு, அமிலம் உண்டாவதையும் மரத்தின் நார் சிதைவதையும் விரைவுபடுத்துகிறது. 1960-களில் பழைய துளைகளில் புதிய ஆணிகளைச் செருகினார்கள், அவையும் துருப்பிடித்தன. 2011 முதல் 2018 வரை 5,000-க்கும் மேற்பட்ட ஆணிகளைத் துருப்பிடிக்காத எஃகு ஆணிகளாக மாற்றினார்கள்.

3. சொந்த எடை. மூன்றாவதுதான் புதிய சட்டகத்துக்கு நேரடிக் காரணம். மிதக்கும் கப்பலை நீர் அடிப்பாகம் முழுவதும் சீராகத் தாங்குகிறது. கப்பல் என்பதே அப்படித் தாங்கப்படுவதற்காகக் கட்டியது. கரையில் அது சில முட்டுகளின் மேல் நிற்கிறது. எடை முழுவதும் அந்த இடங்களில் குவிகிறது. ஓடாவிகள் அப்படியொரு நிலையை எண்ணிக் கட்டவில்லை. உள்ளே மரத்தின் வலுவும் குறைந்திருக்கிறது. 2000-இலிருந்து நடக்கும் அளவீடுகளின்படி, கப்பல் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அளவில் அமிழ்ந்தும் சாய்ந்தும் உருமாறி வருகிறது.

ஒரு மில்லிமீட்டர் அற்பமாகத் தோன்றும். ஆனால் அது எல்லா இடத்திலும் சமமாக நிகழ்வதில்லை. ஓரிடம் அமிழ, பக்கத்து இடம் நிலைத்து நின்றால், இடையில் உள்ள மூட்டு திறக்கும் அல்லது பலகை பிளக்கும். எனவேதான் புதிய சட்டகம்: வெளியே எடையைப் பரவலாகத் தாங்கும் எஃகுத் தாங்கிகள், உள்ளே தளங்களைப் பிடித்து நிறுத்தும் எஃகு எலும்புக்கூடு. அமிலத்துக்கு மருந்து தேடும் ஆய்வு ஒரு பக்கம் நடக்கட்டும். நிற்கும் கப்பல் சரியாமல் இருப்பது முதல் வேலை.

இத்தனை செலவு எதற்கு, ஒரு நகல் கட்டிவைத்தால் போதாதா என்ற கேள்வி நியாயமானதே. இந்தக் கப்பலில் 95 விழுக்காட்டுக்கு மேல் அசல் மரம். தளத்தின் கூரை தேவைக்கு மேல் உயரம் என்பதை எந்த ஆவணமும் நமக்குச் சொல்லவில்லை. கப்பலை அளந்ததால் தெரிந்தது. அடுத்த தலைமுறைக்கு என்ன கேள்வி எழும் என்று இன்று தெரியாது. நகல், கட்டியவருக்குத் தெரிந்ததை மட்டுமே காட்டும்.

போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை

அருங்காட்சியகம் ஸ்டாக்ஹோமின் யூர்கோர்டன் தீவில் இருக்கிறது. மரத்துக்காக உள்ளே வெளிச்சத்தைக் குறைத்து, ஏறக்குறைய 18 முதல் 20 பாகை வெப்பத்தில் வைத்திருப்பார்கள். கோடையில் போனாலும் ஒரு மேல்சட்டை தேவை. கப்பலுக்குள் பார்வையாளர்களை விடுவதில்லை. மேல் பீரங்கித் தளத்தின் ஒரு பகுதியை முழு அளவில் தனியே கட்டிவைத்திருக்கிறார்கள். அங்கே நடந்தால் கூரையின் உயரம் உடனே புரியும்.

1. முதலில் கப்பலின் நேர் பின்னால் போய் நிற்பது நல்லது. நீருக்குள் இருந்த பகுதி எவ்வளவு, மேலே எழுந்த பகுதி எவ்வளவு என்று கண்ணாலேயே ஒப்பிடலாம். கவிழ்ந்த காரணத்தை இதைவிட நன்றாக எந்த விளக்கப் பலகையும் சொல்லாது.

2. சிற்பங்கள் எழுநூறு அளவில். இன்று எல்லாம் கரும்பழுப்பு. மரத்தில் ஒட்டியிருந்த வண்ணத் துகள்களை ஆராய்ந்தபோது சிவப்புப் பின்னணியில் பல நிறங்கள் இருந்தது தெரியவந்தது. பத்தில் ஒரு பங்கு அளவுள்ள மாதிரிக் கப்பல் அந்த நிறங்களோடு நிற்கிறது. முன்பகுதியில் ரோமப் பேரரசர்கள் வரிசையாக நிற்கிறார்கள். எதிரி நாட்டுப் போலந்துப் பிரபு ஒருவரை ஒரு பலகைக்கு அடியில் கூனிக் குறுகிக் கிடப்பவராகச் செதுக்கியிருக்கிறார்கள். அன்றைய அரசியலை அறிய இவை போதும்.

3. இறந்தவர்களின் எலும்புகளுக்கென ஒரு பகுதி உண்டு. குறைந்தது 15 பேருடைய எலும்புகள் பிரித்தறியப்பட்டிருக்கின்றன. ஆண் என்று கருதி வெகுகாலம் 'குஸ்தாவ்' என்று அழைக்கப்பட்டவர் பெண் என்று 2023-இல் மரபணு ஆய்வு காட்டியது; இப்போது அவரைக் 'கெர்ட்ரூட்' என்கிறார்கள். மாலுமிகளின் காலணிகள், கரண்டிகள், ஒரு தொப்பி, பெட்டிக்குள் அடுக்கிய சிறு உடைமைகள் ஆகியவற்றை இந்த எலும்புகளோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

4. தச்சர்களின் அளவுகோல்களையும் கருவிகளையும் தேடிப் பார்ப்பது அவசியம். பெரும் சிற்பங்களுக்குப் பிறகு இவை கண்ணில் படாமல் போய்விடும்.

5. மரத்தின் மேல் ஆங்காங்கே தெரியும் வெளிறிய திட்டுகளை அழுக்கு என்று கடந்துவிட வேண்டாம். அவை கந்தகத்தின் வேலையாக இருக்கலாம். கீழ்மட்டத்துக்கு இறங்கி, முட்டுகள் கப்பலின் வயிற்றைத் தொடும் இடங்களைப் பார்த்தால், எடை எப்படிச் சில புள்ளிகளில் குவிகிறது என்பதும் புதிய எஃகு எந்த இடைவெளிகளை நிரப்ப வருகிறது என்பதும் தெரியும்.